ஏட்டு விதியும் ஊர் வீடும்

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சி ஒன்று உண்டு. நண்பகலில் இரு கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை தெளிந்து, கயிறிட்டு நுணுகி அளந்து, தெய்வம் நோக்கி இடம் வகுக்கின்றனர். அங்ஙனம் வகுப்போரைக் குறிக்க நக்கீரர் ஆளும் சொல் 'புலவர்' என்பது. கவி பாடுவோர்க்கு மட்டுமே அச்சொல்லை உரியதாக்கிக்கொண்ட பிற்காலத்தார்க்கு இது வியப்பளிக்கலாம். நூல் அறிந்தவர் எவரோ அவர் புலவர். மனைநூல் அறிந்தவரும் அவருள் ஒருவர்.

மனைநூல் பின்னாளில் மனையடி சாத்திரமாக ஊர்தோறும் வழங்கியது. அடிக்கணக்கு, வாசல் நோக்கு, கிணற்றுக்குரிய மூலை என அது சொன்னவற்றை நிறைவேற்ற அதிகாரி எவரும் வேண்டியிருக்கவில்லை. தச்சரும் கொத்தனாரும் அறிந்திருந்தனர், வீட்டுக்காரர் அஞ்சினார், அதுவே போதுமானதாயிற்று. அதில் அறிவும் இருந்தது, வீண் அச்சமும் இருந்தது. சாதிக்கொரு தெரு என்ற கொடுமைக்கு அவ்வழக்கு ஒருநாளும் தடையாக நின்றதில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

அச்சத்தின் இடத்தில் அனுமதி வந்து அமர்ந்தது ஆங்கிலேயர் ஆட்சியில். சென்னை நகருக்கு 1919ஆம் ஆண்டும், ஏனைய நகரங்களுக்கு 1920ஆம் ஆண்டும் நகராட்சிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அதே 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டமும் பிறந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெட்டிசு இம்மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதியிருந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நேர்க்கோடு போட்டு வீடுகளை இடித்துத் தெரு அமைக்கும் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. இருப்பதைப் பெரும்பாலும் காத்து, வேண்டிய இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும் என்றார். ஊரைப் பார்த்து விதி செய்க என்பதே அவர் சொன்னதன் பொருள். சட்டம் அவ்வளவு பொறுமை காட்டவில்லை.

எனினும் 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கீற்று, புல், பாய் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்களால், அனுமதியின்றி, கட்டடத்தின் வெளிக்கூரை அமைத்தல் கூடாது என்று அது விதித்தது. வேனிற்காலத்தில் ஒரு பொறி ஒரு தெருவையே விழுங்கிய நாட்டில் இது தேவையான விதியே. இவ்விதியை இங்கே நினைவில் நிறுத்துதல் வேண்டும்.

விடுதலைக்குப் பின், நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு தொகுப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. திட்டக்குழுவின் தூண்டுதலால் இந்தியத் தர நிறுவனம் 1970இல் தேசியக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. அது 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்றது. தீத்தடுப்பு, வெளியேறும் வழி, அடித்தளம், காற்றோட்டம் எனப் பொறியியல் அறிவு முழுவதையும் திரட்டி வைத்த பெருநூல் அது. ஆயின் அது சட்டம் அன்று, பரிந்துரையே. நிலமும் உள்ளாட்சியும் அரசியல் சாசனப்படி மாநிலங்களுக்கு உரியவை. மாநில அரசோ நகராட்சியோ அதைத் தன் விதிகளுள் எடுத்து எழுதிக்கொண்டால் அன்றி, அதன் எந்தப் பக்கமும் ஒரு செங்கல்லையும் கட்டுப்படுத்தாது. 1992ஆம் ஆண்டின் எழுபத்து நான்காம் திருத்தமும் கட்டடக் கட்டுப்பாட்டை நகராட்சிகளின் பணிப்பட்டியலில் வைத்ததே தவிர, இந்த நிலையை மாற்றவில்லை.

தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தபின் வீடு கட்டுவோர்க்கு இரண்டு வாயில்கள் ஏற்பட்டன. திட்ட அனுமதி ஒன்று. உள்ளாட்சி தரும் கட்டட அனுமதி மற்றொன்று. நகராட்சிக்கு 1972ஆம் ஆண்டு விதிகள், அடுக்குமாடிக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் 1973ஆம் ஆண்டு விதிகள், ஊராட்சிக்கு 1997ஆம் ஆண்டு விதிகள், சென்னைப் பெருநகருக்கு வேறு விதிகள் என ஆயின. ஒரே சாலையின் இரு மருங்கிலும் இருவேறு விதிகள் நிலவக்கூடும். எல்லைக்கல் எங்கே நடப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் இப்பன்மையில் நன்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. சென்னையின் பழந்தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்குப் பக்க இடைவெளி கேட்பது பேதைமை என உணர்ந்து, 'தொடர் கட்டடப் பகுதி' என்று தனி வகை செய்தனர். கெட்டிசு கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

விதியைத் தளர்த்தும் வாயிலும் அதே சட்டத்திற்குள் இருந்தது. அதன் 113ஆம் பிரிவு, எந்தக் கட்டடத்திற்கும் விலக்களிக்கும் உரிமையை அரசுக்குத் தந்தது. அப்பிரிவின் கீழ் பிறந்த 62 விலக்கு ஆணைகளை உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஒருசேர நீக்கியது. கட்டியபின் தண்டம் செலுத்தி வரன்முறை பெறும் திட்டத்தை மட்டும், ஒருமுறைக்கு உரியது என்று கருதி, அனுமதித்தது. ஒருமுறைக்கு என்பது பின்னர் நீட்டிக்கப்பட்டதை நகரத்தார் அறிவர். விதியை மீறியவர் காத்திருந்தார். விதிப்படி கட்டியவர் தாம் ஏமாந்ததாக எண்ணினார்.

அரசு விரும்பினால் விதி ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் செல்லும் என்பதற்கு 2003ஆம் ஆண்டு சான்று. வறட்சி வாட்டிய அவ்வாண்டில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என ஆணை பிறந்தது. புதிய வீடு மட்டுமன்று, பாட்டன் கட்டிய வீடும் அதற்கு உட்பட்டது. சில மாதங்களில் மாநிலமெங்கும் குழிகள் தோண்டப்பட்டன, குழாய்கள் திருப்பப்பட்டன. சில பெயருக்கு அமைந்தவை. பல நீர் இறக்கின.

அடுத்த ஆண்டு, 2004 சூலை 16. கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கி வந்தன. கீற்று வேய்ந்த சமையற்கூடத்தில் எழுந்த தீ, மாடியிலிருந்த கீற்றுக்கூரைக்குத் தாவியது. இறங்கும் வழி குறுகியது. மாண்ட குழந்தைகள் 94 பேர். கும்பகோணம் அன்று நெடுங்காலமாக நகராட்சியாக இருந்துவந்தது; 1920ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வூரில் நடைமுறையில் இருந்தது. பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும் என்னும் 1965ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. வெளியேறும் வழி பற்றித் தேசியத் தொகுப்பு தனிப்பகுதியே வகுத்திருந்தது. சட்டத்தில் குறை இல்லை. மாடியேறிப் பார்த்து, இது கூடாது என்று சொல்லும் ஒரு மனிதர் இல்லை. எழுத்தில் இருந்த விதி எண்பத்து நான்கு ஆண்டுகளாக அந்தப் படிக்கட்டில் ஏறவேயில்லை.

அதன்பின் பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் மாநிலமெங்கும் விரைந்து அகற்றப்பட்டன. 2014 சூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பதின்மரைக் குற்றவாளிகள் எனக் கண்டது. இவ்விரண்டிற்கும் இடையே, கும்பகோணத் துயரை முன்னிட்டுத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கட்டட விதிகளின் வரலாற்றில் ஒரு திருப்பம். கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையையும் அடக்கியது என்று அது கூறியது. தேசியத் தொகுப்பின் பாதுகாப்பு நெறிகளுக்கு இணங்காத பள்ளிக்கு அங்கீகாரம் தரலாகாது என்றும் ஆணையிட்டது. பரிந்துரையாக 39 ஆண்டுகள் கிடந்த நூலின் ஒரு பகுதி, பள்ளிகளின் அளவில், இவ்வாறு கட்டளையாயிற்று. ஊர்கள் தாமாக ஏற்கவில்லை. குழந்தைகளின் பெயரால் ஏற்பிக்கப்பட்டது. இன்று தனியார் பள்ளிகள் கட்டட உரிமம், உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவற்றைப் பெற்றாக வேண்டும். சான்றிதழைக் காண்பவர் கட்டடத்தையும் காண்கிறாரா என்னும் கேள்வி மட்டும் ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கிறது.

சிதறிக் கிடந்த மாநில விதிகள் 2019 பிப்ரவரியில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் என்ற ஒரே தொகுப்பாயின. கட்டி முடித்ததற்கான சான்று இல்லையேல் மின்னிணைப்பு இல்லை என்று அது வகுத்தது. சிறு குடியிருப்புகளுக்கு விலக்கும் தந்தது. 2024 சூலையில் மற்றொரு மாற்றம் வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், தாமே சான்று அளித்து இணையவழி உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டி வந்து பார்ப்பவர் இல்லை. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்று வரவேற்றவர் பலர். அத்தகைய வீட்டில் படிக்கட்டின் அகலத்தையும் கம்பியின் பருமனையும் மீண்டும் அறிந்திருக்க வேண்டியவர்கள் வீட்டுக்காரரும், முற்றத்தில் கயிறு பிடித்து நிற்கும் கொத்தனாருமே.