அகதி எனும் பெயர் மறுக்கப்பட்டோர்: வட கொரியாவிலிருந்து வெளியேறியவர்களின் வரலாறு

'அகதி' என்பது கதியற்ற நிலையைச் சுட்டும் சொல். சர்வதேசச் சட்டத்தில் அதுவே ஓர் உரிமையின் பெயர். துன்புறுத்தல் காத்திருக்கும் நாட்டிற்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்கிறது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. ஒருவருக்கு அப்பெயரை வழங்குவதா மறுப்பதா என்பது அவரது உயிரோடு தொடர்புடைய கேள்வியாவது இதனாலேயே. வட கொரியாவை விட்டு வெளியேறியோரின் வரலாறு பெரும்பாலும் இம்மறுப்பின் வரலாறே.

1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததும் வட கொரியாவிற்கு மலிவு எரிபொருளும் உரமும் வருவது நின்றது. 1995இல் பெருவெள்ளம் வந்தது. மக்களின் உணவுக்கு ஆதாரமாக இருந்த அரசுப் பங்கீட்டு முறை குலைந்தது. பஞ்சத்தில் இறந்தோர் குறித்த மதிப்பீடுகள் சில இலட்சங்களிலிருந்து 20 இலட்சத்துக்கும் மேல் வரை வேறுபடுகின்றன. அரசு அக்காலத்திற்கு இட்ட பெயர் 'இடர்மிகு நெடும்பயணம்'. கிம் இல் சுங்கின் கெரில்லாப் போராட்டக் காலத்திலிருந்து எடுக்கப்பட்ட அத்தொடரில் பட்டினி தியாகமாக உருமாறியது. பலர் தூமன் ஆற்றைக் கடந்து சீனாவிற்குள் நுழைந்தனர்.

சீனா 1982இல் அகதிகள் உடன்படிக்கையில் இணைந்த நாடு. எனினும் இவர்களை அது 'சட்டவிரோதப் பொருளாதாரக் குடியேறிகள்' என்றே அழைக்கிறது. 1986இல் வட கொரியாவுடன் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தத்தின் துணையுடன் திருப்பி அனுப்புகிறது. இன, சமய, அரசியல் காரணங்களால் துன்புறுத்தப்படுவோரைப் பற்றியே உடன்படிக்கை பேசுகிறது, பசியைப் பற்றி அன்று என்பது இதன் தருக்கம்.

இத்தருக்கம் இரண்டு இடங்களில் உடைகிறது. வட கொரியாவில் பசி அரசியலுக்குப் புறம்பானதன்று. 'சொங்புன்' எனும் முறை குடும்பப் பின்னணியை வைத்து மக்களை விசுவாசிகள், ஊசலாடுவோர், பகைவர் எனப் பகுக்கிறது. வசிப்பிடம், கல்வி, வேலை, உணவு ஆகியவற்றை அப்பகுப்பு பாதிக்கிறது. மைக்கேல் கர்பி தலைமையிலான ஐ.நா. விசாரணை ஆணையம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, உணவு மக்களைக் கட்டுப்படுத்தும் கருவியாகப் பயன்பட்டதைப் பதிவு செய்தது. அரசியல் சிறை முகாம்களில் 80,000 முதல் 1,20,000 பேர் வரை இருப்பதாக மதிப்பிட்டது.

இரண்டாவது, அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறுவதே அங்குக் குற்றம். திருப்பி அனுப்பப்பட்டோர் சித்திரவதைக்கும், கருவுற்ற பெண்கள் கட்டாயக் கருக்கலைப்புக்கும் உள்ளானதை ஆணையம் சாட்சியங்களால் நிறுவியது. பசியால் ஆற்றைக் கடந்தவரும், திரும்பினால் காத்திருக்கும் தண்டனையால், கடந்த பின் அகதியாகிறார். ஒருவர் வெளியேறிய காரணத்தை மட்டும் நோக்கும் சொல் இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது.

தென் கொரியாவிலும் இவர்கள் அகதிகள் அல்லர். தீபகற்பம் முழுவதும் தன் ஆட்சிப்பரப்பு என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பு. ஆகவே அங்குச் சேர்பவர்கள் குடிமக்கள். ஆயினும் அவர்களுக்கான பெயர் பலமுறை மாறியுள்ளது. பனிப்போர்க் காலத்தில் 'மனம் மாறிப் பணிந்து வந்த வீரர்' எனக் கொண்டாடப்பட்டனர். 1997ஆம் ஆண்டுச் சட்டம் 'வட கொரியாவை விட்டு விலகிய குடியினர்' என்றது. 2005இல் அரசு 'புதுநிலத்தார்' எனப் பொருள்படும் 'செத்தோமின்' எனும் சொல்லை முன்வைத்தது. வந்தவர்களே பலர் அதை ஏற்கவில்லை. பிழைப்பு தேடி இடம்பெயர்ந்தவர் எனும் சாயல் அதில் படிந்திருந்தது. இவற்றில் பெரும்பாலானவை இவர்களைப் பற்றிப் பிறர் தேர்ந்த சொற்கள்.

தென் கொரியாவை இதுவரை அடைந்தவர்கள் ஏறத்தாழ 34,000 பேர், பெரும்பான்மையோர் பெண்கள். 2009இல் 2,900க்கு மேல் இருந்த ஆண்டு வருகை, பெருந்தொற்றுக்காக எல்லை அடைக்கப்பட்ட பின், 2021இல் 63ஆகச் சுருங்கியது.

வட கொரியா இவர்களைத் துரோகிகள் என்கிறது. தென் கொரியா குடிமக்கள் என்கிறது. அகதி எனும் பெயர் உயிர் காக்கும் இடம் இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள சீனா. அப்பெயர் மறுக்கப்படுவதும் அங்கேதான்.