தொடக்கநேரக் கோப்பு முறைமைச் சரிபார்ப்பும் தமிழ்நாட்டுப் பள்ளிக் கணினிகளும்

கணினி தொடங்கும்போது, வட்டில் உள்ள கோப்புகளின் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று இயக்குதளம் தானாகவே பார்ப்பது கோப்பு முறைமைச் சரிபார்ப்பு எனப்படும். முறைப்படி அணைக்காத கணினியில், குறிப்பாக மின்சாரம் சட்டென்று நின்றுபோன கணினியில், அடுத்த தொடக்கத்தில் இது நடக்கும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கு லினக்ஸ் கணினிகள் வந்த ஆண்டுகளும் மாநிலத்தின் கடுமையான மின்வெட்டு ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தன.

செயல்படும் விதம்

சங்கராபுரம் போன்ற வட்டத் தலைமையிடங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியை இதற்கு ஒப்பிடலாம். அங்கே கிராமத்தின் சிட்டாவும் அடங்கலும் மற்றப் பதிவேடுகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். வட்டிலும் ஒரு கோப்புக்கு மூன்று இடங்களில் பதிவு உண்டு: கோப்புறையில் அதன் பெயர், ஐநோட் எனப்படும் விவரப் பதிவு, எந்தக் கட்டங்கள் நிரம்பியுள்ளன என்ற வரைபடம். ஒரு பதிவை எழுதி அடுத்ததை எழுதுவதற்குள் மின்சாரம் போனால் கணக்கு பிசகும். சரிபார்ப்பு நிரல் இந்தக் கணக்கைத்தான் நேர் செய்யும். பயிர் நன்றாக விளைந்திருக்கிறதா என்று வயலுக்குப் போய்ப் பார்ப்பது அதன் வேலையன்று. சரிபார்ப்பு நல்லபடியாக முடிந்தும் பாதி எழுதிய கட்டுரை பாதியாகவே இருப்பது இதனால்தான்.

தோற்றம்

யூனிக்ஸின் தொடக்க ஆண்டுகளில் ஐசெக், டிசெக் முதலிய தனித்தனி நிரல்கள் பிழையைக் காட்டின. திருத்துவதற்கு வட்டின் அமைப்பை நன்கறிந்த ஒருவர் தேவைப்பட்டார். 1970களின் இறுதியில் டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே இவ்வேலைகளை ஒரே நிரலில் சேர்த்தது. பின்னர் பெர்க்லியில் மார்ஷல் கிர்க் மெக்கூசிக் தம் புதிய கோப்பு முறைமைக்கு ஏற்ப அதை மாற்றினார். ஐந்து கட்டங்களாகச் சரிபார்க்கும் முறை இன்றும் லினக்ஸில் தொடர்கிறது. மைக்ரோசாஃப்ட் உலகில் இதே வேலையைச் செய்த ஸ்கேன்டிஸ்க், 1993இல் எம்எஸ்-டாஸ் 6.2 உடன் வந்தது.

தமிழ்நாட்டில்

சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. பள்ளிகளுக்கும் அதுவே சென்றது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு வந்தது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த சங்கராபுரம், கல்வராயன் மலைப் பகுதிகளின் மேல்நிலை மாணவர்களும் இத்திட்டத்திற்கு உட்பட்டவர்களே. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. மடிக்கணினி தன் மின்கலத்தால் சற்றுத் தாங்கும். மேசைக்கணினிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அக்கால டெபியன் சிறிய பிசகுகளைத் தானே திருத்திவிடும். கோப்பு இழக்க நேரலாம் என்று தோன்றினால் நின்றுவிடும். எதிர்பாராத முரண்பாடு, சரிபார்ப்பைக் கையால் இயக்குக என்று அறிவித்து, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். தமிழில் மெனு காட்டும் கணினியும் இந்த இடத்தில் ஆங்கிலத்தில்தான் பேசும். வரைகலைத் திரை எழுவதற்கு முந்தைய லினக்ஸ் முனையத்தின் எழுத்துரு அதிகபட்சம் 512 வடிவங்களையே கொள்ளும். கொம்பும் காலும் சேர்த்துத் தமிழ் எழுத்தை அமைக்கும் வசதியும் அதற்கு இல்லை. பயனருக்கு மொழி மிகத் தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்காமல் போனது, தமிழாக்க முயற்சிகள் தொடாமல் விட்ட பெரிய இடைவெளி.

கெட்டுப்போனது வட்டு என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது எளிய வழியாகத் தெரியும். ஆனால் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. வேர்ப் பகுதி படிக்க மட்டும் இணைந்திருக்கும் நிலையிலோ, வேறொரு வட்டிலிருந்து தொடங்கியோ சரிபார்ப்பை இயக்கினால் போதும். பெயர் இழந்த கோப்புகள் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற கோப்புறையில் எண்களைப் பெயராகக் கொண்டு சேரும். பெயர் போனாலும் உள்ளடக்கம் இருக்கும். திறந்து பார்த்துப் பெயரிட்டுக்கொள்ளலாம். வட்டையே படிக்க முடியவில்லை என்ற பிழை வந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது முதலில் நகலெடுக்க வேண்டும். பழுதாகிவரும் வட்டில் திருத்தத்தை ஓட்டினால் மிச்சமும் போய்விடும்.

ஒவ்வொரு தொடக்கத்திலும் சரிபார்ப்பு வருமானால் வட்டைக் குறை சொல்வதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். வட்டில் எழுதிய நாள் எதிர்காலத்தில் இருப்பதாக நிரலுக்குத் தெரியும். உடனே சரிபார்க்கத் தொடங்கும். இரட்டை இயக்குதளக் கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும். லினக்ஸ் அதைக் கிரீன்விச் நேரமாகக் கொண்டால் இந்தியாவில் ஐந்தரை மணி நேரம் பிசகும். இத்தகைய குழப்பத்திற்காகவே, 24 மணி நேரம் வரையிலான வேறுபாட்டைப் பொருட்படுத்தாதிருக்கும் ஏற்பாடு பின்னர் லினக்ஸ் சரிபார்ப்பு நிரலில் சேர்ந்தது.

பிற்கால மாற்றங்கள்

செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் எக்ஸ்ட்3, 2001இல் லினக்ஸ் கருவில் இணைந்தது. எக்ஸ்ட்4 2008இல் நிலைபெற்றது. மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் படித்துச் சில நொடிகளில் மீள இவற்றால் முடியும். எனினும், குறிப்பிட்ட தடவை இணைத்த பிறகோ குறிப்பிட்ட நாட்கள் கழிந்த பிறகோ முழுச் சரிபார்ப்பு நடக்கும் வழக்கம் நீடித்தது. 2011இன் இறுதியில் வந்த கருவித்தொகுப்பின் 1.42 பதிப்பு முதல், புதிதாக உருவாக்கும் பகுதிகளுக்கு அந்த வழக்கம் இயல்பாக நிறுத்தப்பட்டது. அதற்கு முன் உருவான பகுதிகள் பழைய கணக்கின்படியே நின்று நின்று சரிபார்த்துக்கொண்டிருந்தன.