பிரானேசியும் எரிமலைக் கற்களும்

ரோம் என்றதும் மனக்கண்ணில் எழுவது வெண்பளிங்கு. ஆனால் அந்நகரின் பளிங்கு பெரும்பாலும் மேற்பூச்சுதான். அதன் பழைய சுவர்களையும் சாக்கடைகளையும் சாலைகளையும் தாங்குவது எரிமலைக் கல். நகருக்குத் தெற்கே அல்பன் குன்றுகளும் வடக்கே சபாத்தினி எரிமலைகளும் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பலும் குழம்பும் இறுகிப் பாறையாயின. ரோமானியர் அதை வெட்டியெடுத்துத் தம் நகருக்குள் கொண்டுவந்து அடுக்கினர். இடம்பெயர்ந்த இந்தக் கற்களுக்கு வாய்த்த மகத்தான ஓவியர் ஜியோவான்னி பத்திஸ்தா பிரானேசி (1720–1778).

அவர் கல்தச்சரின் மகன். தாய்மாமன் வெனிஸ் அரசின் நீர்ப்பணிப் பொறியாளர். மற்றவர்கள் முகப்பைப் பார்த்த இடத்தில் அவர் அடித்தளத்தைப் பார்த்ததற்கு இந்த வளர்ப்பே காரணம் என்று எண்ணத் தோன்றுகிறது. 1756இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த 'லெ அந்திகித்தா ரொமானே'யில் அப்பியச் சாலையின் பலகோணக் கற்கள் பாறைக்குரிய கனத்தோடு கிடக்கின்றன. அருகில் நிற்கும் மனிதர்கள் எறும்புகள். கி.மு. 312இல் தொடங்கப்பட்ட அச்சாலைக்குத் தளமான கருநிறக் கல், சுமார் 2,70,000 ஆண்டுகளுக்கு முன் அல்பன் குன்றுகளிலிருந்து நகரை நோக்கிப் பத்துக் கிலோமீட்டர் நகர்ந்து வந்த எரிமலைக் குழம்பு. அது உறைந்து நின்ற முனையில்தான் செசீலியா மெத்தெல்லாவின் கல்லறை எழும்பியது. பிரானேசி அதையும் வரைந்திருக்கிறார்.

அவருடைய தொழில்முறையும் இந்தக் கல்லுக்கு இசைந்தது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார். மென்மையாக இருக்கவேண்டிய கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மற்றவற்றை மீண்டும் அமிலத்துக்குத் தின்னக் கொடுப்பார். எவ்வளவு ஆழம் அரிக்கிறதோ அவ்வளவு மை தேங்கும்; அவ்வளவு கருமை. நெருப்பில் பிறந்த கல்லின் சொரசொரப்பைக் காட்ட இதைவிடப் பொருத்தமான வழி இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

மிகைப்படுத்தலும் உண்டு. ஹேட்ரியனின் கல்லறைக்கு அவர் காட்டும் பூதாகரமான அடித்தளம் பெருமளவு கற்பனை. ஆய்வாளராக அவரை முழுக்க நம்ப முடியாது. நகரின் கனம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவர் சரியாகவே உணர்ந்திருந்தார்.

அந்த உணர்வு விரைவில் வழக்காயிற்று. கிரேக்கக் கலையே மூலம், ரோம் அதன் நகல் என்ற கருத்து ஐரோப்பாவில் வலுத்தபோது, 1761இல் அவர் மறுப்பு நூல் எழுதினார். கிரேக்கத்தின் நயத்துக்கு எதிராக அவர் நிறுத்திய சாட்சிகளில் ஒன்று குளோவாக்கா மாக்சிமா என்ற சாக்கடை! மறுவருடமே அல்பானோ ஏரியின் வடிகாலைத் தகடுகளாக்கினார். எரிமலை வாயில் தேங்கிய ஏரி அது. அதன் விளிம்புப் பாறையைக் குடைந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டியிருந்தனர். ஏரி வடிந்தால்தான் பகை நகரமான வெயி வீழும் என்ற குறியை நம்பி வெட்டியதாக லிவி சொல்கிறார். கி.மு. 396இல் வெயி வீழ்ந்தது. பிறகு கோல்கள் ரோமைச் சூறையாடினர். அதன்பின் நகரைச் சுற்றி எழுப்பிய பெருமதிலுக்கு வெயியின் நிலத்திலிருந்தே மஞ்சள்நிற எரிமலைக் கல் வந்தது. தோற்றவர்களின் மண்ணிலிருந்து வெட்டிவந்த அந்தக் கற்களின் ஒரு நீண்ட வரிசை, தெர்மினி ரயில் நிலையத்தின் வாசலருகே இன்றும் நிற்கிறது.