கோப்பையில் ஒட்டாத சிவப்பு

1940களில் அமெரிக்காவில் லிப்ஸ்டிக் பூசிக்கொண்ட பெண் ஒருவர் விருந்துக்குப் போய்த் திரும்பினால், அவர் எங்கே உட்கார்ந்தார், எதைக் குடித்தார் என்பதை விருந்து வைத்த வீட்டம்மா மறுநாள் காலையில் சொல்லிவிடலாம். காப்பிக் கோப்பையின் விளிம்பில் சிவப்புப் பிறை, கைத்துண்டில் தீற்றல், சிகரெட் துண்டின் நுனியில் வளையம். அன்றைய சாதாரண லிப்ஸ்டிக்கின் உடம்பே மெழுகும் எண்ணெயும்தான். அதில் நிறப்பொடியை அரைத்துக் கலந்திருப்பார்கள். அது உதட்டின் மேல் உட்கார்ந்திருந்ததே தவிர உதட்டோடு சேரவில்லை. எது பட்டாலும் அதற்கு மாறிவிடும். சாப்பிட்டு எழுந்தால் மறுபடி பூச வேண்டும்; பல்லில் ஒட்டியிருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த வேதியியலாளர், ஹேசல் பிஷப். மேக்கப் யாருக்காக என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும். அவர் செய்த பண்டம் அதற்கு ஒரு பதிலைச் சொன்னது. அதை விற்றவர்கள் வேறொரு பதிலைச் சொன்னார்கள். உலகத்தின் காதில் விழுந்தது இரண்டாவது பதில்தான்.

உதட்டைச் சிவக்க வைக்கும் ஆசை மிகப் பழையது. 2001இல் தென்கிழக்கு ஈரானில் ஹலீல் ஆற்று வெள்ளம் பழங்காலக் கல்லறைகளைத் திறந்துவிட்டது. வெளியே வந்த கற்பாத்திரங்களில் ஏராளமானவை கொள்ளை போயின. மீட்கப்பட்டு ஜிரோஃப்ட் அருங்காட்சியகத்துக்கு வந்தவற்றில், குளோரைட் கல்லில் குடைந்த சின்னக் குப்பி ஒன்று இருந்தது. அதிலிருந்த கருஞ்சிவப்புப் பொடியைச் சோதித்த முடிவுகள் 2024இல் வெளிவந்தன. பெரும்பகுதி ஹேமடைட் என்னும் இரும்புத் தாது. கூடவே மாங்கனீசுத் தாதுக்கள், தாவர மெழுகு போன்ற பொருள்கள். காலம் கி.மு. 1936க்கும் 1687க்கும் இடையில். உதட்டுக்குப் பூசியதாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குப்பி நாணல் தண்டு மாதிரி ஒல்லியாக இருக்கிறது. ஒரு கையில் அதையும் மறு கையில் கண்ணாடியையும் பிடித்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கு வந்தால் ஆசை அப்படியே இருக்கிறது, பார்வை கடுமையாகியிருக்கிறது. மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண் சாயம் பூசலாம், ஆனால் பூசியது தெரியக்கூடாது. தெரியப் பூசுகிறவர்கள் மேடை நடிகைகளும் விலைமாதரும்தான் என்பது ஊரார் கணக்கு. இல்லாத நிறத்தை இருப்பதாகக் காட்டுகிறாள், ஆகவே ஏமாற்றுகிறாள் என்பது குற்றச்சாட்டு. சாயம் சிமிழில் இருந்தது. தூரிகையோ விரலோ கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் செய்ய வேண்டிய காரியமாக இருந்தது. ஒளித்துச் செய்வதற்கு அது தோதாகவும் இருந்தது.

அந்தக் கதவைத் திறந்தது ஒரு பித்தளைக் குழாய். கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி, பித்தளை வேலைக்குப் பேர் போன ஊர். அங்கே பொத்தான்கள் அடித்துக்கொண்டிருந்த ஸ்கோவில் கம்பெனி, 1915 வாக்கில் லிப்ஸ்டிக்குக்கும் உலோகக் குழாய் செய்தது. மாரிஸ் லெவி என்பவரின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். 1923இல் டென்னசியின் நாஷ்வில் நகரத்து ஜேம்ஸ் புரூஸ் மேசன், அடியைத் திருகினால் மேலே எழும் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். நாம் இன்று கையில் எடுக்கும் லிப்ஸ்டிக்கின் உருவம் அதுதான். தூரிகை போயிற்று, சிமிழ் போயிற்று, சாயம் கைப்பைக்குள் வந்தது. உணவு விடுதி மேஜையில், ரயில் பெட்டியில், எல்லாரும் பார்க்கப் பெண்கள் உதட்டுக்குச் சாயம் தீட்டினார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பில், சிவப்பு நிறத்தைவிட, ஒளிக்காமல் செய்தார்களே என்ற கோபம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பித்தளை தோட்டாவுக்குப் போயிற்று. லிப்ஸ்டிக் அட்டைக் குழாய்க்கும் பிளாஸ்டிக்குக்கும் இறங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. அமெரிக்க மரைன் படையின் பெண்கள் பிரிவுக்காக எலிசபெத் ஆர்டன் கம்பெனி ‘மான்டசூமா ரெட்’ என்று தனியாக ஒரு நிறமே கொண்டுவந்தது. சீருடைத் தொப்பியின் சிவப்புக் கயிற்றோடு உதட்டு நிறம் ஒத்துப்போக வேண்டும் என்பது படை விதி. இருபது வருஷத்துக்கு முன்னால் நடத்தை கெட்டவளின் அடையாளமாகச் சொல்லப்பட்ட சிவப்பு, இப்போது ஒழுங்கின் அடையாளம். நிறம் மாறவில்லை. பார்த்தவர்களின் தேவை மாறியிருந்தது.

அதே போரின் முடிவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்தது. அங்கே மருத்துவப் பணிக்கு வந்த அதிகாரிகளில் ஒருவர் லெப்டினன்ட் கர்னல் மெர்வின் கோனின். ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருந்த இடம். மருந்தும் மற்ற பொருள்களும் கேட்டு அவர் தவித்துக்கொண்டிருக்கையில் பெட்டி பெட்டியாக லிப்ஸ்டிக் வந்து இறங்கியது. யார் கேட்டார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. பிற்பாடு எழுதிவைத்த குறிப்பில் அவர் அதைப் பெரிய உதவி என்று சொல்கிறார். படுக்கையில் விரிப்பில்லை, உடம்பில் இரவு உடையில்லை, ஆனால் உதடு சிவந்திருந்தது. கையில் குத்திய எண்ணாக மட்டும் இருந்தவர்கள் அன்று மறுபடியும் ஆளாகிவிட்டார்கள் என்பது அவர் கண்டது. பிரேதப் பரிசோதனை மேஜையில் கிடந்த ஒரு பெண்ணின் கைக்குள் லிப்ஸ்டிக் துண்டு இருந்ததையும் குறித்திருக்கிறார். அந்தப் பெண்களிடம் போய், யாரை மயக்க இந்தச் சாயம் என்று எவர் கேட்பார்?

இனி ஹேசல் பிஷப். 1906இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோகனில் பிறந்தவர். மருத்துவராக வேண்டும் என்று பர்னார்டு கல்லூரியில் வேதியியல் படித்தார். 1929இல் பட்டம் வாங்கினார். அதே வருஷம் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது. மருத்துவப் படிப்பு கைகூடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோல்நோய் மருத்துவர் ஒருவரின் ஆய்வகத்தில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். உறுத்தாத, ஒவ்வாமை தராத அழகுப் பொருள்களைப் பற்றி அங்கேதான் கற்றுக்கொண்டார். போர்க் காலத்தில் ஸ்டாண்டர்டு ஆயில். விமான எஞ்சின்களின் சூப்பர்சார்ஜரில் ஏன் கசடு படிகிறது என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் என்று பேர். போருக்குப் பிறகு சொகோனி-வேக்யூம் எண்ணெய்க் கம்பெனி. பகலில் அங்கே எரிபொருள். மாலையில் வீட்டுச் சமையலறையில் லிப்ஸ்டிக்.

போகாத சாயம் என்ற யோசனை அவருக்கு முன்பே இருந்ததுதான். பாரிஸில் பால் போத்க்ரூ என்ற வேதியியலாளர் 1927இல் ‘ரூஜ் பெசே’யைக் கொண்டுவந்திருந்தார். முத்தத்துக்கும் அழியாது என்பது அதன் பெருமை. உதட்டை வறண்டுபோக வைக்கிறது என்பது அந்த வகை லிப்ஸ்டிக்குகளின் மேல் இருந்த குறை. இவற்றில் வேலை செய்வது ‘புரோமோ அமிலம்’ என்று தொழிலில் சொல்லும் சாயங்கள், அதாவது ஈயோசின் குடும்பம். நோயியல் ஆய்வகத்தில் திசுத் துண்டை நுண்ணோக்கிக்கு வைக்கும்முன் இளஞ்சிவப்பாக்கும் அதே ஈயோசின். நிறப்பொடி மாதிரி இது மேலே உட்காராது. தோலின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். மருதாணியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இலையிலுள்ள லாசோன் தோலின் கெரட்டினோடு பிணைந்துவிடுவதால்தான் காய்ந்த விழுதை உதிர்த்த பிறகும் கை சிவந்திருக்கிறது. நம் வீடுகளில் அந்தச் சிவப்பு மங்கலம். அதே வீட்டில் லிப்ஸ்டிக் போட்டு வாசல் இறங்கும் பெண்ணைப் பார்த்தால் மட்டும், யாருக்காம் இவ்வளவு என்ற கேள்வி வருகிறது. தோலில் நடப்பது ஏறக்குறைய ஒரே காரியம். இந்தப் பாகுபாட்டுக்கு வேதியியலில் இடமில்லை. அதை உண்டாக்கியது நாம்.

சாயம் அதிகமானால் உதடு காயும். எண்ணெய் அதிகமானால் வழியும். மெழுகு அதிகமானால் பூச வராது. இந்த மூன்றையும் இழுத்துக் கட்ட ஹேசல் பிஷப் 309 முறை செய்து பார்த்தார். கடைசியில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். 1950 கோடையில் நியூயார்க்கின் லார்டு அண்டு டெய்லர் கடையில் ஒரு டாலர் விலைக்கு வைத்தார்கள். வைத்த முதல் நாளே தீர்ந்துவிட்டது. பூசி, சற்று நேரம் பொறுத்து, மேலே நிற்கும் மிச்சத்தைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டால் போதும். அதற்கப்புறம் கோப்பை வெள்ளையாகவே இருக்கும்.

அந்தச் சூத்திரம் தீர்த்து வைத்தது பூசுகிறவளின் தொல்லையை. அடிக்கடி கண்ணாடியைத் தேட வேண்டாம், சாப்பிடும்போது கூச வேண்டாம், போன இடத்திலெல்லாம் கறை விட்டு வர வேண்டாம். வேலைக்குப் போகும் ஒரு பெண், வேலைக்குப் போகும் பெண்களுக்காகச் செய்த பண்டமாகவே நான் அதைப் பார்க்கிறேன். விளம்பரத்துக்கு வந்த ரேமண்ட் ஸ்பெக்டர் வேறு மாதிரி பார்த்தார். உன் உதட்டில் நிற்கும், அவன் மேல் ஒட்டாது என்பதுதான் அவர் கம்பெனிக்குக் கொடுத்த வாசகத்தின் சாரம். கோப்பை இருந்த இடத்தில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்தான். விற்பனை மளமளவென்று ஏறி, சில வருஷங்களில் ஆண்டுக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டியது. ‘திஸ் இஸ் யுவர் லைஃப்’ என்ற பெயர் பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கம்பெனி தன் செலவில் நடத்தியது. 1953 மே மாதம் அந்த மேடைக்கு ஹன்னா பிளாக் கோனர் வந்தார். ஆஷ்விட்ஸ் உட்பட நாஜி முகாம்கள் பலவற்றைக் கடந்து உயிரோடு வந்தவர். அவர் வாழ்க்கை சொல்லப்பட்ட அதே அரை மணி நேரத்தில் லிப்ஸ்டிக் விளம்பரமும் ஓடியது. பொருத்தமில்லாத சேர்க்கை என்று பிற்காலத்தில் எழுதியவர்கள் உண்டு. எனக்கு பெல்சன் முகாமின் பெட்டிகள் நினைவுக்கு வருகின்றன. அந்த விளம்பரத்துக்கு அந்தப் பெட்டிகளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஸ்பெக்டரின் அந்த ‘அவன்’ உண்மையில் என்ன விரும்புகிறான்? 2014இல் அலெக்ஸ் ஜோன்ஸ், ராபின் கிராமர், ராபர்ட் வார்டு என்ற பிரிட்டன் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மேக்கப் இல்லாத முகத்துக்கும் மாலை வெளியே போகப் போட்டுக்கொண்ட முழு மேக்கப்புக்கும் இடையில் படிப்படியாகப் படங்கள். உங்களுக்கு எது பிடிக்கிறது, மற்ற ஆண்களுக்கு எது பிடிக்கும், மற்ற பெண்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டார்கள். ஆண், பெண் இருபாலரும் தாங்கள் விரும்பியது அந்தப் பெண்கள் போட்டிருந்ததைவிடக் குறைந்த மேக்கப்பை. மற்றவர்களுக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, அதைவிட அதிகம் பிடிக்கும் என்று இருபாலருமே நம்பினார்கள். ஆண்களே மற்ற ஆண்களைப் பற்றி அப்படித்தான் நினைத்தார்கள். எல்லாரும் மனதில் வைத்திருந்த அந்த ஆண், கேட்கப்பட்டவர்களில் யாரும் இல்லை.

பார்க்கிறவர் மனதில் மேக்கப் ஒன்றும் செய்வதில்லை என்று இதற்குப் பொருளல்ல. பெண்களின் முகத்தில் கண்ணும் உதடும் சுற்றியுள்ள தோலைவிட எடுப்பாக இருக்கின்றன, ஆண்களிடம் அந்த வேறுபாடு குறைவு, மேக்கப் அதையே கூட்டிக் காட்டுகிறது என்று ரிச்சர்டு ரசல் 2009இல் காட்டினார். நான்சி எட்காஃப் குழுவினர் 2011இல் முகப்படங்களைக் கால் விநாடி மட்டும் காட்டினார்கள். மேக்கப் போட்ட முகங்களுக்கு அழகில் மட்டுமல்ல, திறமையிலும் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. நிதானமாகப் பார்க்க விட்டபோது, மிகையாக ஒப்பனை செய்த முகத்தை நம்புவதில் மட்டும் தயக்கம் வந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது அழகுப் பொருள் விற்கும் புராக்டர் அண்டு கேம்பிள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏமாற்றுகிறாள் என்ற பழைய குற்றச்சாட்டு, கால் விநாடி தாண்டியதும் இன்னும் எழுந்து வருகிறது.

மறுபடி ஹேசல் பிஷப்பிடம் வருவோம். 1951இல் ‘பிசினஸ் வீக்’ இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. ஒரு பெண் தனியாக அந்த அட்டையில் வருவது அதுவே முதல் முறை. அதே வருஷம் அவர் நீதிமன்றத்தில் நின்றார். கம்பெனியின் பெரும்பங்கு ஸ்பெக்டர் கைக்குப் போயிருந்தது. 1954இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது: 2,95,000 டாலரை வாங்கிக்கொண்டு அவர் வெளியேறினார். ஹேசல் பிஷப் என்ற பெயர் கம்பெனியோடு நின்றுவிட்டது. அந்தப் பெயரில் லிப்ஸ்டிக் விற்றுக்கொண்டிருந்தவர்கள் மற்றவர்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. தோல் சாமான்களைத் துடைக்கும் திரவம் செய்தார், குச்சி வடிவில் வாசனைத் திரவியம் செய்தார், 1962இல் பங்குத் தரகராகி அழகுப் பொருள் கம்பெனிகளின் பங்குகளை அலசுவதில் பெயர் எடுத்தார். 1978இல் நியூயார்க்கின் ஃபேஷன் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். அழகுப் பொருள் சந்தைப்படுத்தலுக்கு அங்கே ஏற்பட்ட பேராசிரியர் இருக்கை 1980இல் அவருக்குக் கிடைத்தது. அந்த இருக்கையின் பெயர் ரெவ்லான் இருக்கை. 1950களில் அவர் லிப்ஸ்டிக்கைச் சந்தையில் எதிர்த்து நின்ற அதே ரெவ்லான்தான்.