நீரில் விழும் குழி

1893இல் தேம்ஸ் கரையின் தார்னிகிராஃப்ட் பட்டறையில் கட்டிய 'டேரிங்' என்ற போர்க்கப்பல், சோதனை ஓட்டத்தில் முரண்டு பிடித்தது. ப்ரொப்பெல்லரை எவ்வளவு சுழற்றியும் எதிர்பார்த்த 27 நாட் வேகம் வரவில்லை. இதழ்களின் முதுகுப்புறம் அழுத்தம் அடியோடு சரிந்து, அங்கே நீராவி மட்டுமே நிறைந்த பொந்துகள் திறந்துகொண்டதுதான் காரணம். அதை ஆராய்ந்த சிட்னி பார்னபி, 'கேவிட்டேஷன்' என்ற பெயரைச் சொன்னவர் ஆர். இ. ஃபிரூட் என்கிறார். இங்கிலாந்தின் ஹாஸ்லரில் கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்து அளந்துவந்தவர் ஃபிரூட்.

வேர், லத்தீனின் 'காவுஸ்': உள்ளே குடைவானது. பல்லில் விழும் 'கேவிட்டி'யும் அதன் கிளைதான். குமிழி என்று சொல்லாமல் குடைவு என்றாரே, அங்கேதான் ஃபிரூட்டின் கூர்மையைக் காண்கிறேன். சோடாக் குமிழிக்குள் வாயு இருக்கிறது. அழுத்தினால் எதிர்த்து நிற்கும். இந்தப் பொந்துக்குள் தாங்கிப்பிடிக்க ஏதுமில்லை. சுற்றிலும் அழுத்தம் ஏறியதும் ஆவி நீராகிவிட, எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் பாய்ந்து அதை மூடுகிறது.

மூடும் அந்தக் கணம் பொல்லாதது. 1917இல் இயற்பியலாளர் ராலே கணக்கிட்டார்: சாதாரண வளிமண்டல அழுத்தத்திலுள்ள நீரில் ஓர் உருண்டைப் பொந்தின் விட்டம் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும்போது, அதையொட்டிய நீரில் அழுத்தம் 1260 வளிமண்டலத்தைத் தொடும். ஆனால் பக்கத்தில் உலோகச் சுவர் இருந்தால் பொந்து உருண்டையாகச் சுருங்காது. சுவர்ப்பக்கத்து நீருக்கு ஓடிவர வழியில்லை. எதிர்ப்பக்கத்து நீர் முந்திக்கொண்டு பொந்தின் நடுவே ஊசிபோல் பாய்ந்து சுவரைக் குத்தும். 1944இல் கோர்ன்ஃபெல்டும் சுவோரோவும் ஊகித்ததை, 1971இல் பிளெசெட்டும் சாப்மனும் கணினியில் போட்டுக் காட்டினார்கள். தாரையின் வேகம் நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல். லட்சக்கணக்கான குத்துகளில் வெண்கலம்கூடக் கடற்பஞ்சாகிவிடும்.

தமிழில் இதைக் 'குமிழாக்கம்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. குமிழ் புடைப்பைச் சொல்லும் சொல்; மிதியடியில் இருப்பதும் கதவில் இருப்பதும் குமிழ். குழியோ உள்வாங்கியது: கன்னக்குழி, பல்லாங்குழி. 'நீர்க்குழிவு' என்றே எழுதிவருகிறேன். தண்ணீரில் ஒரு கணம் விழுந்து மறையும் குழியும், அது போகும்போது இதழின்மேல் விட்டுச்செல்லும் குழியும் ஒரே சொல்லில் நிற்கின்றன.