ஒற்றை எழுத்துச் சொற்கள்: ஒரு சேனாபதி, ஒரு இலக்கணக்காரர், கொஞ்சம் நெசவாளர்கள்

இந்த எபிசோடை ஒரு விளையாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஸ்க்ராபிள் ஆடுறவங்களுக்குத் தெரியும், போட்டியில் கை கொடுக்கிறது பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகள் இல்லை. ரெண்டு எழுத்து, மூணு எழுத்துக் குட்டி வார்த்தைகள்தான். ஏ-ஏ என்று ஒரு சொல் இருக்கு. ஹவாய்த் தீவிலிருந்து வந்தது, கரடுமுரடாக உறைந்த எரிமலைக் குழம்புக்குப் பெயர். சி-டபிள்யூ-எம் என்று ஒன்று. ஏ, ஈ, ஐ, ஓ, யூ எதுவுமே அதில் கிடையாது. வேல்ஸ் மொழியிலிருந்து வந்த சொல், மலைக்குழிவு மாதிரியான பள்ளத்தாக்கு. இதையெல்லாம் டீக்கடையில் யாரும் பேசப் போறதில்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்றாங்க. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் 2015-ல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தையே வாங்கினார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது.

அர்த்தம் தெரியாமலே சொற்களைக் கையில் வைத்திருக்க முடியும், அதை வைத்து ஜெயிக்கவும் முடியும். சரி, அப்படியானால் ஒரு சொல் உயிரோடு இருக்கு, செத்துப் போச்சு என்று எதை வைத்துச் சொல்றது? இந்தக் கேள்வியோடு காஞ்சிபுரத்துக்குப் போகலாம்.

ஊருக்குத் தென்மேற்கே, வேகவதி ஆற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். பட்டுக்குப் பேர்போன ஊரின் ஓரத்தில், பேரிலேயே பருத்தியை வைத்திருக்கிற கிராமம். ஜின காஞ்சி என்று சொல்வது இதைத்தான். மகாவீரருக்குத் திரைலோக்கியநாதர் என்ற பெயரில் அங்கே ஒரு சமணக் கோயில் இருக்கு. மேலே அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்க ஓவியம். அந்தச் சங்கீத மண்டபத்தை 1387-88-ல் கட்டியவர் இருகப்பர். விஜயநகரத்துச் சேனாபதி. தன்னுடைய குரு புஷ்பசேனர் சொல்லித்தான் கட்டினார் என்று கல்வெட்டு சொல்லுது. ஹம்பிக்குப் போனவர்கள் கணிகித்தி கோயில் முன்னால் நின்று போட்டோ எடுத்திருப்பீங்க. அதைக் கட்டியவரும் இவர்தான்.

இந்தச் சேனாபதி ஒரு அகராதியும் எழுதினார். பெயர் ‘நாநார்த்த ரத்னமாலா’. ஒரே சொல்லுக்குப் பல அர்த்தம் வருகிற சமஸ்கிருதச் சொற்களின் தொகுப்பு. அதை அவர் அடுக்கியிருக்கும் விதம்தான் நமக்கு முக்கியம். முதல் பகுதி ஓரெழுத்துச் சொற்கள். அடுத்தது ஈரெழுத்து. அப்புறம் மூன்றெழுத்து, நான்கெழுத்து. இன்றைக்கு ஸ்க்ராபிள் கிளப்பில் கைமாறுகிற பட்டியலும் இதே மாதிரி எழுத்து எண்ணிக்கையில்தான் போகும்!

எதற்கு இப்படி அடுக்கணும்? செய்யுள் கட்டுறவனுக்காக. அடியில் ஓர் அசை குறையுது, அர்த்தமும் நிக்கணும், அந்த நேரத்தில் கையில் ஒரு குட்டிச் சொல் இருந்தால் வேலை முடிஞ்சது. சிலேடை செய்யவும் குட்டிச் சொல்தான் வசதி, ஏனென்றால் சொல் சின்னதாக ஆக அதற்குள் அர்த்தங்கள் நெருக்கியடிச்சு உட்காரும். சமஸ்கிருதத்தில் ‘க’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பிரம்மா, தண்ணீர், தலை என்று நீளுது. காஞ்சி என்ற பேருக்குத் தல புராணம் சொல்கிற விளக்கமே இந்த ‘க’வை வைத்துத்தான்: ‘க’ என்றால் பிரம்மா, ‘அஞ்சித’ என்றால் பூசிக்கப்பட்ட, பிரம்மா பூசித்த ஊர் காஞ்சி. அழகான கதை. ஆனால் காஞ்சி என்று ஒரு மரமே இருக்கும்போது, சங்க காலத்திலேயே ஊருக்குக் கச்சி என்று பேர் இருக்கும்போது, எனக்கு மரத்தின் பக்கம்தான் மனசு சாயுது.

தமிழில் இந்த வேலையை இருகப்பருக்கு முன்னாலேயே ஒருத்தர் செய்துட்டார். 13-ம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். அவரும் சமணர். பள்ளிக்கூடத்தில் ‘ஓரெழுத்து ஒருமொழி’ என்று படிச்சது ஞாபகம் இருக்கா? அந்தக் கணக்கு அவருடையது: மொத்தம் 42. இதில் 40 நெடில், ரெண்டே ரெண்டு குறில் (‘நொ’, ‘து’). வெறும் உயிரெழுத்தே சொல்லாக நிற்பது ஆறு. ம வரிசையில் ஆறு. த, ப, ந வரிசைகளில் ஐந்தைந்து. க, ச, வ வரிசைகளில் நான்கு நான்கு. ய வரிசையில் பாவம், ‘யா’ மட்டும். இங்கிலீஷில் இந்த மாதிரி தேடினால் ஏ, ஐ, மிஞ்சிப் போனால் பழைய கவிதையில் வர்ற ஓ. அத்தோடு சரி.

இந்த 42-ல் பாதி நம்ம வாயில் இன்னும் இருக்கு. கை, பை, பூ, தீ, நீ, வா, போ. இதையெல்லாம் ‘ஓரெழுத்து ஒருமொழி’ என்று நாம நினைக்கிறதே இல்லை. மீதிப் பாதிதான் கதை.

‘ஈ’யை எடுத்துக்கோங்க. பறக்கிற ஈ இல்லை, கொடு என்ற அர்த்தத்தில் வர்ற ஈ. தொல்காப்பியம் இதுக்கு ஒரு ரூல் வச்சிருக்கு. கேட்கிறவன் கீழே இருந்தால் ‘ஈ’ என்று கேட்கணும், சமமானவன் ‘தா’ என்று கேட்கணும், மேலே இருக்கிறவன் ‘கொடு’ என்று கேட்கணும். ஒரு பொருளைக் கேட்க வாயைத் திறந்தாலே நீ யார் என்று தெரிஞ்சுடும்! அந்த ‘ஈ’ போயே போச்சு. ‘ஈகை’யில் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

‘ஓ’ வேற மாதிரி. ஆச்சரியப்படுகிற ஓ இல்லை, மதகில் தண்ணியைத் தடுத்து நிறுத்துகிற பலகைக்குப் பேர் ஓ. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வாங்க. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கிற உத்திரமேரூரில், 919, 921-ம் ஆண்டுகளின் சோழர் கல்வெட்டு ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் வச்சிருந்ததைச் சொல்லுது. ஆறு பேர், குடவோலையில் தேர்ந்தெடுத்தவங்க. தண்ணியைத் தடுக்கிற வேலை இன்னைக்கும் நடக்குது. ஆனால் அந்தப் பலகைக்கு இப்போ ஊரில் பேர் ஷட்டர். பொருள் இருக்கு, வேலை இருக்கு, சொல் மட்டும் போச்சு.

அதே உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் உட்காரக் கால் வேலிக்கு மேல் நிலம் இருக்கணும் என்று ஒரு நிபந்தனை. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, அப்போ கால் வேலி என்றால் ஐந்து மா. இந்த ‘மா’வும் 42-ல் ஒன்று. மாமரம், குதிரை, விலங்கு, பெரிய, கரிய என்று ஏகப்பட்ட அர்த்தம். கணக்கில் இருபதில் ஒரு பங்கு. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தில் முதல் ‘மா’ பத்திரமா இருக்கு. கணக்கு ‘மா’ தசம எண் வந்ததும் படுத்துடுச்சு. அதற்கென்று தனிக் குறியீடு இருந்தது. 2019-ல் அந்தக் குறியீடு மற்ற தமிழ்ப் பின்னங்களோடு யூனிகோடில் ஏறியது. அதே வருஷம்தான் 40 வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து வர்ற அத்திவரதரைப் பார்க்கக் காஞ்சியில் 48 நாள் கூட்டம். மா எழுந்து வந்ததை யாரும் க்யூவில் நின்னு பார்க்கலை.

‘கா’வின் பயணம் இன்னும் தூரம். கா என்றால் சோலை. அந்த இடத்துக்குத் தோப்பு என்ற சொல் வந்து உட்கார்ந்தது. கும்பினிக்காரர்கள் வந்தப்போ அவங்க காதில் விழுந்தது தோப்பு. அதை ‘டோப்’ ஆக்கிக் கடிதத்திலும் கணக்கிலும் எழுதினாங்க. மாந்தோப்பு ‘மேங்கோ டோப்’ ஆச்சு. யூல், பர்னல் ரெண்டு பேரும் 1886-ல் போட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அது இருக்கு. நம்ம காசும் இருக்கு: மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்தக் காசை அவங்க ‘கேஷ்’ என்றே எழுதினாங்க. இன்னைக்கு நாம ஏ.டி.எம்-மில் எடுக்கிற கேஷ் வேற, அது பிரெஞ்சுப் பணப்பெட்டி வழியா வந்தது. எழுத்து ஒன்று, பிறப்பு வேற. நாலெழுத்து ‘டோப்’ இங்கிலீஷில் இப்போ பழசு. கா போய், அதன் இடத்தில் வந்த தோப்பு கடல் தாண்டி, அங்கே அதுவும் போயாச்சு. தோப்பு மட்டும் நம்மகிட்ட நல்லா இருக்கு.

செத்த சொல்லை எழுப்பவும் முடியும். ‘மீ’ என்றால் மேல். ரொம்ப நாள் தூங்கிட்டு இருந்ததைக் கணினித் தமிழ்க்காரங்க எழுப்பினாங்க: மீத்தரவு, மீயுரை. மெட்டாடேட்டாவுக்கு ஒரு எழுத்தில் முன்னொட்டு கிடைச்சது, வேறென்ன வேணும்?

இப்போ ‘பா’. இதுக்காகத்தான் காஞ்சிபுரத்தைப் பிடிச்சேன். பா என்றால் செய்யுள் என்று எல்லாருக்கும் தெரியும், வெண்பா, கலிப்பா. பா என்றால் இன்னொன்று, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல். பேச்சில் பாவு. குறுக்கே போவது ஊடை. செய்யுளும் நெசவும் இப்படிச் சொற்களைப் பகிர்ந்துக்கிறது தற்செயலா என்று தெரிய நன்னூல் பாயிரத்தையே பார்க்கலாம். சொல்தான் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூல் நூற்கிற பெண், அவன் வாய் அவள் கை, அறிவு கதிர் என்று பவணந்தி ஒப்பிடுகிறார். நூல் என்ற சொல்லுக்கே ரெண்டு அர்த்தமும் இருக்கே. பாவுதல் என்றால் பரப்புதல். பாவாடை முதலில் இடுப்பில் கட்டுறது இல்லை, பெரியவங்க நடக்கவும் சாமிக்குப் படைக்கவும் தரையில் விரிக்கிற துணி.

காஞ்சிபுரத் தெருவில் காலையில் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போனால், வீதி நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அறுந்த இழையைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போடுறதைப் பார்க்கலாம். நெசவாளருக்குப் பாவு கையில் வந்தால் வேலை, வரலைன்னா வேலை இல்லை. சங்கத்திலோ முதலாளியிடமோ அடுத்த பாவு எப்போ என்று கேட்பது, அடுத்த மாசம் அரிசி எப்படி என்று கேட்பதுதான். நன்னூல் பட்டியலில் ஒரு வரியாக இருக்கிற சொல், இங்கே ஒரு வீட்டின் வரவு செலவு. இந்தச் சொல்லை யாரும் காப்பாத்தி வைக்கலை. தேவைப்பட்டது, அதனால் இருந்தது.

இதில் உருகிப் போறதுக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லணும். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், மூன்று நாடாவை வைத்து ரெண்டையும் நெய்யும்போதே பிணைக்கிறது. அதற்கு நெசவாளர் தவிர இன்னொரு ஜோடிக் கை வேணும். அந்தக் கை பல வருஷம் குழந்தைகளின் கை. முன்பணம் வாங்கின குடும்பத்துப் பிள்ளைகள் கடன் தீரும்வரை தறியில் உட்கார்ந்தாங்க. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கு. ஆக, பா, ஊடை, கோர்வை என்ற சொற்களை வாய்க்கு வாய் கடத்தினதில், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ‘ஈ’ போனதுக்கு வருத்தமில்லை என்று சொன்னேனே, அந்த நாடாவைத் தள்ளின சின்னக் கை போனதுக்கும் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்த இடத்தில் பெரியவங்க யாரும் வந்து உட்காரலை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி பஸ்ஸில் ஏறுறாங்க. கூலியைப் பார்த்தால் யார் குறை சொல்ல முடியும். ரெண்டாவது ஆள் கிடைக்காததால் கோர்வை இல்லாமல் நெய்யும் சேலை கூடிக்கிட்டே போகுது. 2005-ல் புவிசார் குறியீடு வந்தது, கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-லிருந்தே இருக்கு. குறியீடும் சட்டமும் விசைத்தறியோடு சண்டை போட உதவும், தறியில் உட்கார ஆளைக் கொண்டுவராது.

இந்த எபிசோடை நீங்க கேட்கிற பாட்காஸ்டுக்குத் தமிழில் பொதுப்பேர் ஊடகம், இல்லையா? ஊடு என்றால் நடுவே, குறுக்கே. ஊடையும் அதே ஊடு. எனக்கு அது தறியைப் பற்றிப் படிக்கும்போதுதான் உறைச்சது.

வீட்டில் காஞ்சிப் பட்டு இருந்தால் ஒரு தடவை கரையை உற்றுப் பாருங்க. கரையின் நிறம் உடல் நிறத்தோடு கலக்காமல் பளிச்சென்று தனியா நின்னால் கோர்வை. ஒரே ஊடை ரெண்டிலும் ஓடியிருந்தால் உடலின் நிறம் கரைக்குள்ளும் கொஞ்சம் தெரியும். கடைக்காரரிடம் கேட்கும்போது ‘கோர்வையா?’ என்றே கேளுங்க. அவருக்குப் புரியும்.