கைநாட்டும் சம்மதமும்: கண்டித் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை விண்ணப்பங்கள்

1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரை எண்ணிக்கையில் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேரின் கதி பிற்பாடு. விண்ணப்பப் படிவம் தோட்டத்துக்கு வந்தது அதன் பின்னர்தான். வத்தேகம, உக்குவளைப் பக்கத்து லயங்களிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடந்து கண்டி இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போனவர்களின் ஒப்பத்தையும் கைநாட்டையும் சுயவிருப்பின் சான்றாகக் கொள்ளலாமா? அந்த ஒப்பம் மட்டும் சான்றாகாது என்பதே என் வாதம்.

வலுவந்தத்தை அளக்க இலங்கையில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம் கேட்பவை சில: அச்சம் நியாயமானதா, தீங்கு கடுமையானதாகக் கண்முன் நிற்கிறதா, அச்சுறுத்தல் சட்டத்துக்கோ நல்லொழுக்கத்துக்கோ முரணானதா. பிரஜாவுரிமை விண்ணப்பம் தனியார் ஒப்பந்தமன்று. ஆயினும் சம்மதத்தைச் சோதிக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை.

அச்சத்துக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. ஒப்பந்தத்தை அமுலாக்கிய சட்டத்தின் 1971ஆம் ஆண்டுத் திருத்தமோ, இந்தியாவுக்கு உண்மையில் புறப்பட்டோரின் தொகையோடு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கலைப் பிணைத்தது: ஏழு பேர் கப்பலேறினால்தான் நால்வருக்கு இங்கே உரிமை. அயலவர் போவதே தான் தங்குவதற்கு நிபந்தனை! 1973–74இல் தோட்டங்களில் நேர்ந்த பட்டினிச் சாவுகளும் 1977இன் தமிழருக்கு எதிரான வன்செயல்களும் அதன்மேல் வந்து விழுந்தன. படிவத்தை நீட்டிய எழுதுவினைஞர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

எதிர்வாதம் வலுவானது. பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் செல்லுபடியானவை எனக் கொடக்கன்பிள்ளை வழக்கில் 1953இல் பிரிவி கவுன்சில் தீர்த்துவிட்டது. சட்டப்படி வந்த நெருக்குதல் வலுவந்தமாகுமா? ஆகும். குற்றவழக்குத் தொடுக்க ஒருவருக்கு உரிமையுண்டு. அதைக் காட்டித் தனக்கு உரித்தில்லாததைப் பறித்தால், அந்த உரிமை அவரைக் காப்பதில்லை. நாடற்ற நிலையை உண்டாக்கிய அரசே அதிலிருந்து மீளும் வழியாகப் படிவத்தை வைத்ததும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

ஆனால் இதை எல்லாருக்கும் பொதுவாக்க முடியாது. தமிழ்நாட்டில் நிலமும் உறவும் இருந்ததால் மனமுவந்து போனவர்கள் உண்டு. அவர்களின் ஒப்பத்தையும் வெறுமையாக்குவது இன்னோர் அநீதி. உரோம-டச்சுச் சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. வலுவந்தத்தால் பெற்ற ஒப்பம் தானாக அற்றுப்போவதில்லை. நெருக்கப்பட்டவர் விரும்பினால் அதை விலக்கிக்கொள்ளலாம். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் செய்தது ஏறக்குறைய இதையே. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தும் புறப்படாமல் தங்கியவர்கள் விசேட பிரகடனமொன்றால் இலங்கைப் பிரஜைகளாக அது வழிவிட்டது.

எனினும் 1964 முதலான நிரந்தர வதிவை அது கோரியது. அதே படிவத்தில், அதே நெருக்குதலில் ஒப்பமிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியமர்த்தப்பட்டவர்களை அது எட்டவில்லை. நெருக்குதலுக்கு முழுமையாகப் பணிந்தவருக்குப் பரிகாரம் இல்லை, பாதிவழியில் நின்றவருக்கு உண்டு என்பதை எந்தச் சட்டக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த இயலாது. விலக்கிக்கொள்ளும் அந்த உரிமை அவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் நீட்டப்பட வேண்டும்.